லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சோழபுரம் வட்டாரத்தில் ஒரு செகண்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால், பார்க்க வருபவர் கதவைத் திறப்பதற்கு முன்பே இரண்டு கேள்வி கேட்டுவிடுவார். டீசலா? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? கலர், கம்பெனி, எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ராஜபாளையத்து மில்லுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும், கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்கும், சிவகாசி அச்சகங்களுக்கும் தினமும் போய்வருகிற குடும்பங்களில் கார் என்பது மாதாமாதம் பங்கில் எழுதுகிற கணக்கு. மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய செலவு.

இந்தக் கேள்விகளுக்கு வயது சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள்தான். அதற்கு முன் டீசலில் ஓடும் இந்தியக் கார் என்று ஒன்று கிடையாது. இன்றோ, கேள்வி அப்படியே இருக்கிறது. அதைப் பிறப்பித்த காரணம் பெரும்பாலும் போய்விட்டது. எஞ்சின் நல்லதா கெட்டதா என்பதைவிட, டெல்லியில் போடப்பட்ட எரிபொருள் விலைக் கணக்குதான் தென்மாவட்டத்துக் குடும்பங்களை டீசல் காரில் ஏற்றியது, பிறகு மெல்ல இறக்கியும் விட்டது. அந்தக் கதை தெரியாமல் இன்று ஒரு பழைய டீசல் காருக்கு அட்வான்ஸ் கொடுப்பது, பத்து வருடத்துக்கு முந்தைய விலைப்பட்டியலைப் பார்த்துச் சாமான் வாங்குவதற்குச் சமம்.

டீசல் எஞ்சின் இந்த ஊர்களுக்குக் காரில் வந்து இறங்கவில்லை. கிணற்றடியில் வந்து இறங்கியது. ஜெர்மன் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1893-இல் காப்புரிமை பெற்று, 1897-இல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் அது. பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்துப் பற்றவைக்கும். டீசலில் காற்றைக் கடுமையாக அழுத்தினால் ஏறுகிற சூட்டிலேயே எண்ணெய் தானாகப் பற்றும். அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். ஆனால் அதே அழுத்தத்தால்தான் ஒரு லிட்டரில் கூடுதல் வேலை கிடைக்கிறது. கனம் ஒரு பொருட்டாக இல்லாத கப்பல், லாரி, பம்ப்செட் ஆகியவற்றுக்கு முதலில் போனது. காருக்குள் அடக்க 1936 வரை ஆயிற்று. மெர்சிடிஸ் 260 டி அந்த ஆண்டு பெர்லினில் காட்சிக்கு வந்தது.

புனேயில் 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் போன்ற கம்பெனிகளின் எஞ்சின்கள், மின்சாரம் எட்டாத கிணறுகளில் தண்ணீர் இறைத்தன. 1951-இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ நிறுவனம் டீசல் பம்பும் நாசிலும் உள்நாட்டிலேயே செய்தது. 'மைக்கோ பம்ப்' என்பது இன்றும் வயதான மெக்கானிக்குகளின் வாயில் சரளமாக வரும். சென்னை சிம்ப்சன் கம்பெனி 1950-களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. மதுரையில் 1912-இல் பஸ் விடத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் கம்பெனி, இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் கரி வாயுவில் வண்டி ஓட்டும் சாதனத்தையே செய்து பொருத்தியது. ஒரு சொட்டு எரிபொருளை எப்படி நீட்டுவது என்ற யோசனை இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பழையது.

இதனால் ஒரு நன்மை விளைந்தது. டீசல் கார் வருவதற்குப் பல வருடம் முன்பே, டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இங்கே தயாராக இருந்தன. ஆயில் எஞ்சினில் நாசில் மாற்றியவர், லாரிக்கு பம்ப் காலிபரேஷன் செய்தவர், பஸ் டிப்போவில் ஹெட் இறக்கியவர் என்று ஒரு தலைமுறையே இருந்தது. கார் வாங்குவதில் இதைவிடப் பெரிய உத்தரவாதம் கிடையாது. ஊரில் பிரிக்கத் தெரிந்த ஆள் இருக்கிற வண்டிதான் ஊரில் ஓடும்.

ஆனால் கார் யாரிடம் இருந்தது? பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து நகரத்தில் கார் என்றால் மில் முதலாளி, டாக்டர், வக்கீல், பெரிய பஞ்சு வியாபாரி. தொழிலாளி சைக்கிளில் வந்தார். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு சைக்கிள் மெல்ல மொபெட்டானது, மொபெட் பைக்கானது. நான்கு சக்கரம் என்பது கல்யாணத்துக்கும், மதுரை ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் பிடிக்கிற அம்பாசடர் மட்டுமே.

அந்த அம்பாசடரில்தான் டீசல் முதலில் ஏறியது. 1973-இலும் 1979-இலும் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை எகிறியது. விவசாயிக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் சுமை கூடக்கூடாது என்று மத்திய அரசு டீசல் விலையை அடக்கி வைத்தது. பெட்ரோல் பணக்காரர் சரக்கு என்று வரியை ஏற்றியது. பங்கில் விலையை அரசே நிர்ணயிக்கும் முறை இருந்ததால் இடைவெளி கூடிக்கொண்டே போய், 1990-களின் தொடக்கத்தில் ஒரு லிட்டர் டீசல் பெட்ரோலின் பாதி விலைக்கும் கீழே கிடைத்தது. இந்த இடைவெளி விரியத் தொடங்கியபோதே அதைப் பார்த்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980 வாக்கில் 1489 சி.சி. டீசல் எஞ்சினை அம்பாசடரில் பொருத்தியது. நாற்பது குதிரைத் திறனைத் தொடாத எஞ்சின். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி. மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் முக்கும், பேசுவது காதில் விழாது, குளிர் நாளில் ஹீட்டர் பிளக் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். டாக்ஸிக்காரர்கள் ஒன்றையும் பொருட்படுத்தவில்லை. பெட்ரோல் அம்பாசடர் குடித்த காசில் பாதிகூட இது குடிக்கவில்லை.

புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். பெட்ரோல் கார் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதன் எஞ்சினை இறக்கிவிட்டு, டெம்போ மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றிவிடுவது. மெட்டடார் எஞ்சின் போட்ட அம்பாசடர், மெட்டடார் எஞ்சின் போட்ட ஜீப் என்று 1980-களிலும் 90-களிலும் தென்னிந்தியச் சாலைகளில் ஏராளம். எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, கியர் பாக்ஸைப் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தை எழுதி வாங்கி வரும் வேலை அது. எழுதி வாங்காமல் ஓடிய வண்டிகளும் இருந்தன. பழைய காரைக் குறைந்த செலவில் ஓட்டுவது என்ற கலையின் முதல் பாடசாலை அந்த ஒர்க்‌ஷாப்புகள்தான். இதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பது பெரிய குறை. நாட்டின் தொழில் வரலாற்றில் பெரிய ஆலைகளுக்குக் கிடைத்த பக்கங்களில் ஒன்றிரண்டாவது இவர்களுக்கும் சேர வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டை தாண்டிக் கொல்லம் போகிற சாலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. கார்த்திகை பிறந்தால் சபரிமலை போகிற வண்டிகள் அந்த வழியில் இரவும் பகலும் ஓடும். மெட்டடார், டிரெக்கர், மகிந்திரா ஜீப், பின்னால் டாடா சுமோ என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் டீசல். சீசனில் சம்பாதித்து, சீசன் முடிந்ததும் கைமாறுகிற வண்டிகள் ஏராளம். மலையேறி இறங்கிய டீசல் வண்டி ஊருக்குள் நாலாவது ஓனரிடம் வந்து சேரும். கடன் கொடுக்கவும் ஆள் இருந்தது. 1954-இல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் புது வண்டிக்குக் கடன் கொடுத்தது. 1979-இல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் பழைய லாரிக்கே கடன் கொடுக்கலாம் என்று நிரூபித்தது. வங்கிகள் கேட்ட காகிதங்கள் ஒன்றும் கையில் இல்லாத ஓட்டுநர், ஓட்டுகிற வண்டிக்கே முதலாளியானார். பழைய வண்டிக்கும் ஒரு மதிப்பு உண்டு, அதை எழுத்தில் போட்டுக் கடன் வாங்கலாம் என்ற எண்ணம் லாரியில் தொடங்கிக் காருக்கு வந்தது.

இருந்தாலும், சோழபுரத்திலிருந்து தினசரி வேலைக்குப் போகிறவர் சொந்தமாக டீசல் கார் வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்தது டாடா இண்டிகாவுக்குப் பிறகுதான்.

அதுவரை லாரியும் சுமோ போன்ற பெரிய வண்டிகளும் செய்துகொண்டிருந்த டாடா, 1998 டிசம்பர் 30-ஆம் தேதி இண்டிகாவை அறிமுகம் செய்தது. மாருதி ஜென் அளவுக்கு வெளித்தோற்றம், அம்பாசடர் அளவுக்கு உள்ளே இடம், மாருதி 800-க்குப் பக்கத்தில் விலை, டீசலின் ஓட்டச் செலவு. ரத்தன் டாடா முன்வைத்த இந்த இலக்கு, ஒரு இந்திய நடுத்தரக் குடும்பத்தின் ஆசைப்பட்டியலை அப்படியே வாங்கி எழுதியதுபோல் இருந்தது. முன்பதிவு சில நாளிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1405 சி.சி. எஞ்சின், டர்போ கிடையாது, சுமார் 53 குதிரைத் திறன். முதல் வருட வண்டிகளில் குறைகள் நிறைய, வாங்கியவர்கள் கொதித்தார்கள். 2001-இல் வி2 என்ற பெயரில் திருத்திய வண்டி வந்தது. அதன் பிறகு இண்டிகாவை நிறுத்த ஆளில்லை.

புது இண்டிகா வாங்கியவர்கள் பெரும்பாலும் டிராவல்ஸ்காரர்கள். மஞ்சள் போர்டில் இரண்டு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, 'டி போர்டு' வண்டி வெள்ளை போர்டாக மாற்றப்பட்டு, ஆசிரியர், மில் சூப்பர்வைசர், பேண்டேஜ் துணி வியாபாரி ஆகியோர் வீட்டு வாசலுக்கு வந்தது. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் கட்டுகளைப் பின்சீட்டை மடக்கி ஏற்றிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஆண்டாள் கோயிலுக்கும் போகலாம். எஞ்சினில் சென்சார் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மெக்கானிக்கல் பம்ப், லாரிக்குச் செய்த அதே வைத்தியம் இதற்கும் செல்லும். ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். சத்தம் போடும், அதிரும், ஏ.சி. போட்டால் இழுவை குறையும். ஆனால் நடுரோட்டில் நின்றாலும் யாராவது ஒருவர் ஓடவைத்துவிடுவார். எளிய மனிதனுக்குக் கார் கொடுத்த பெருமையை மாருதி 800-க்கு மட்டும் தந்துவிடுவது வழக்கம். இந்தத் தென்மாவட்டங்களில் அந்தப் பெருமையில் சரிபாதி பழைய இண்டிகாவுக்குச் சேரும். 2018-இல்தான் அதன் உற்பத்தி நின்றது.

இதே சமயத்தில் பெட்ரோல் காரை மலிவாக ஓட்ட இன்னொரு பழக்கமும் பரவியது. மாருதி ஆம்னியில் சமையல் கேஸ் சிலிண்டரை வைத்து ஓட்டுவது. சட்டவிரோதம், உயிருக்கு ஆபத்து, ஆனாலும் ஊருக்கு நாலு வண்டி அப்படி ஓடியது. டீசல் இண்டிகா கைக்கு எட்டும் விலைக்கு வந்தது அந்த ஆபத்தான பழக்கத்துக்கு மாற்றாகவும் அமைந்தது.

அடுத்த திருப்பம் சென்னையைச் சுற்றி நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்ட ஹூண்டாய், 2002-இல் அக்சென்ட் காரில் காமன் ரயில் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் நிற்கும்; எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சத்தம் அடங்கியது, புகை குறைந்தது, இழுவை கூடியது. மறைமலை நகரில் ஃபோர்டு, பிறகு ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் என்று டீசல் கார் செய்கிற ஆலைகள் தமிழ்நாட்டிலேயே வரிசையாக வந்தன. 2006 மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1500 சி.சி.-க்கு மேற்படாத டீசல் எஞ்சினும் உள்ள சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. அடுத்த வருடம் மாருதி ஸ்விஃப்டில் ஃபியட்டின் 1248 சி.சி. எஞ்சின் ஏறியது. அதே எஞ்சின் ரிட்ஸ், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல கம்பெனிகளின் வண்டிகளுக்குள் புகுந்தது. தேசிய எஞ்சின் என்றே மோட்டார் பத்திரிகைகள் அதை அழைத்தன.

விலை இடைவெளியும் அப்போது உச்சத்துக்குப் போனது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையைச் சந்தையிடம் விட்ட அரசு, டீசலை மட்டும் பிடித்து வைத்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்கும் கீழே இருந்தது. கார் வாங்க நினைத்தவர்கள் டீசல் ஸ்விஃப்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2012-13-இல் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேல் டீசல். வீட்டிலிருந்து ஆபீஸ் பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருந்தவர்கூட டீசல் வாங்கினார். விவசாயிக்காகக் கொடுத்த மானியம் கார் டாங்கியில் போய் விழுந்தது. அதைக் குறைசொல்லிக் கொண்டே வாங்கியவர்களும் உண்டு.

அந்த 2012 ஜூன் மாதத்திலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தி முதல் வகையில் சேர்த்தது. பஸ் நிலையத்திலும் ஒர்க்‌ஷாப்பிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது பெரிய செய்தியாகப் போய்ச் சேரவில்லை. போயிருக்க வேண்டும். லிட்டருக்கு எவ்வளவு என்ற கேள்வியில் இந்தச் செலவு எப்போதும் சேராமலே இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக இறங்கியது. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலை மாதாமாதம் ஐம்பது பைசா போல ஏறியது. 2014 அக்டோபரில் டீசலும் சந்தை விலைக்குப் போனது. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னதை, 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது, மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. சின்னக் காருக்குப் புகை வடிகட்டியும் பிற சாதனங்களும் பொருத்தினால் விலை கட்டாது. அதே வருடம் ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலைத் தாண்டியே போய்விட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மட்டும் மூன்று ரூபாய் குறைக்கப்பட்டது. பைக்கில் போகிற உழைப்பாளிக்குக் கொடுத்த சலுகை. டீசல் காரின் லாபத்தில் இன்னொரு துண்டும் அப்போது போனது. ஃபோர்டு அடுத்த மாதமே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

இன்று புதிய சின்ன டீசல் கார் தேடினால் கடையில் அநேகமாக இல்லை. ஆகவே சிக்கன டீசல் கார் என்றாலே பழைய கார்தான். 2010-க்கும் 2019-க்கும் இடையில் வந்த ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், ஃபிகோ, எட்டியோஸ், கிராண்ட் ஐ10. டெல்லியில் ஓட முடியாமல் என்.ஓ.சி. வாங்கித் தெற்கே இறங்கி வந்த வண்டிகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. விலை மலிவாகத் தெரியும். இங்கே மறுபதிவும் ஆயுள் வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் தொட வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் இப்படிப்பட்ட வண்டியைப் பார்க்கிற விதம் கவனிக்கத் தக்கது. முதலில் விடியற்காலையில் வருவதாகச் சொல்வார். "நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க அண்ணாச்சி" என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுவார். வந்ததும் பானெட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் கேள்வி கேட்பார். குளிர்ந்த எஞ்சின் ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா, சுற்றிச் சுற்றிப் பிடிக்கிறதா என்று காது கொடுப்பார். பிறகு ஓடுகிற எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைப்பார். அங்கிருந்து புஸ் புஸ் என்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் பக்கமோ, தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலும் காரணமாக இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கறுப்பு கொட்டினால் டீசல் முழுசாக எரியவில்லை.

அடுத்து ஸ்கேனரை மாட்டுவார். பழைய இண்டிகாவுக்குத் தேவைப்படாத கருவி இது. காமன் ரயில் வண்டிக்கு இது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு திருத்தம் கேட்கிறது என்பதை அது காட்டிவிடும். மீட்டரில் எழுபதாயிரம் கிலோமீட்டர் என்றிருக்கும். கிளட்ச் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் டிரைவர் சீட்டின் ஓரமும் வேறு எண்ணைச் சொல்லும். சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கினால் மீட்டரைத் திருப்பிய கதை பெரும்பாலும் வெளிவந்துவிடும். டைமிங் பெல்ட் வண்டியா, செயின் வண்டியா என்பதும் முக்கியம். ஸ்விஃப்டின் 1248 சி.சி. எஞ்சினிலும் எட்டியோஸின் 1364 சி.சி. எஞ்சினிலும் செயின். ஃபிகோவின் 1399 சி.சி. எஞ்சினிலும் ரெனோவின் 1461 சி.சி. எஞ்சினிலும் பெல்ட். பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டி எஞ்சினே போகும்.

இத்தனைக்கும் பிறகு, கணக்கு. சென்னை விலையையே வைத்துக்கொண்டால், 2024 மார்ச்சில் குறைத்த பிறகு பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலே. பழைய டீசல் ஸ்விஃப்ட் நடைமுறையில் லிட்டருக்கு 20, அதே அளவு பெட்ரோல் கார் 16 என்று வைப்போம். டீசலில் கிலோமீட்டருக்கு சுமார் 4 ரூபாய் 60 பைசா, பெட்ரோலில் 6 ரூபாய் 30 பைசா. ஒரு கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 70 பைசா. 2012 மே மாத டெல்லி விலையில் இதே இரண்டு வண்டிக்கும் இருந்த மிச்சம் இரண்டரை ரூபாய். அன்றைய இரண்டரை ரூபாய்க்கு இன்றைவிட மதிப்பு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், லாபம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று புரியும்.

சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் போய்த் திரும்புகிறவர் நாளுக்கு 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டுகிறார் என்றால் 500 கிலோமீட்டர். மிச்சம் 850 ரூபாய். வருடத்துக்குப் பத்தாயிரம் சொச்சம். ஒரு இன்ஜெக்டர் கெட்டால் அந்த வருட மிச்சம் அத்தோடு போயிற்று. அதுவும் போக, பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் டீசல் எஞ்சின் சூடேறுவதற்குள் ஊர் வந்துவிடும். அரைச்சூட்டில் ஓடினால் கரி படியும், மைலேஜும் சொன்னபடி வராது. புகை வடிகட்டி உள்ள பி.எஸ். 6 டீசலுக்கு இப்படிப்பட்ட குறுகிய ஓட்டம் இன்னும் கெடுதல். சேர்ந்த கரியை எரிக்க நீண்ட நேரம் ஒரே சீராக ஓட வேண்டும். இவருக்குப் பழைய பெட்ரோல் கார்தான் சிக்கனம், எத்தனை பேர் டீசல் என்று சிபாரிசு செய்தாலும்.

மதுரைக்கோ விருதுநகருக்கோ தினமும் போய்வருபவர் கதை வேறு. நாளுக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டினால் மாதம் 2,500 கிலோமீட்டர். மிச்சம் 4,000 ரூபாய்க்கு மேல். இரண்டு இன்ஜெக்டர், ஒரு கிளட்ச் என்று செலவு வந்தாலும் வருட முடிவில் கை நிற்கும். சூடான எஞ்சின் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போதுதான் டீசல் தன் குணத்தைக் காட்டும்.

அண்மையில் இந்தக் கணக்கில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க வந்துவிட்டது. கலப்பில்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்த பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. பழைய பெட்ரோல் காரின் 16 கிலோமீட்டரை 15 என்று போட்டால், டீசலின் மிச்சம் கிலோமீட்டருக்கு 2 ரூபாயைத் தாண்டிவிடும். பெட்ரோலுக்கு மாறிய சிலர் மறுபடியும் டீசல் ஸ்விஃப்டை விசாரிக்கிறார்கள் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

அப்படி விசாரிப்பவர் ஆர்.சி.யில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரி தனி, வண்டியைத் தகுதிச் சோதனையில் தேற்றுவதற்கு டிங்கரிங், டயர், பிரேக் செலவு தனி. டீசல் காரின் உச்ச வருடமான 2012-13-இல் பதிவான வண்டிகளுக்கெல்லாம் 2027-இலும் 28-இலும் அந்தக் கெடு வருகிறது. கெடுவுக்கு முன்னால் தள்ளிவிட நினைப்பவர்கள் கூடுவார்கள், சந்தையில் வண்டி குவியும், விலை இறங்கும். நல்ல எஞ்சினோடு, சர்வீஸ் பில்களைக் கோப்பில் போட்டு வைத்திருக்கும் ஒரே ஓனரின் 2012 ஸ்விஃப்ட் அந்தக் குவியலில் கிடைத்தால், தினமும் மதுரை போகிறவர் புதுப்பிக்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு தாராளமாக வாங்கலாம். பேரம் பேசும்போது அந்தச் செலவை விற்பவர் தலையில் வைத்துத்தான் பேச வேண்டும்.